தோட்டத்து மக்களும் மருந்தும்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள முதியவர்களிடம் சென்று, அந்தக் காலத்தில் நோய் வந்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொன்னோம். மறுநாள் வந்த ஏடுகளில் வேப்பிலை இருந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது இருந்தது. டிரசர் கொடுத்த சிவப்புத் தண்ணீர் இருந்தது. ஒரு சிறுமி மட்டும் "கொயினா வரிசை" என்று இரண்டே சொற்களை எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுதத் தெரியாமல் நிறுத்தியிருந்தாள். அவளுடைய பாட்டி தம் தாயார் வாயிலாகக் கேட்ட சொல்லாம் அது.

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், மரத்துக்குப் போகுமுன், ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்பார்கள். டிரசர் கசப்பு மருந்தை வாயில் ஊற்றுவார். விழுங்கிவிட்டதைக் காட்ட மறுபடியும் வாயைத் திறக்க வேண்டும். அதுதான் கொயினா வரிசை. மருந்து உண்மையில் நல்ல மருந்துதான். ஆனால் அதை விழுங்கியவருக்கு எதற்காக விழுங்குகிறோம் என்று சொன்னவர் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை.

நம் முன்னோர் எந்த நோயால் மடிந்தார்கள்? அவர்களுக்கு மருந்து எப்படிக் கிடைத்தது, எப்படிக் கிடைக்காமல் போயிற்று? ஒருவர் எந்த இனம், எவ்வளவு கூலி வாங்குகிறவர் என்பது அவர் படுக்கும் மருத்துவமனைக் கட்டிலை எப்படித் தீர்மானித்தது? இவற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

நேயர்களே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பருக்கு நல்ல விலை ஏறியது. காடுகள் மளமளவென்று அழிக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டு, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். அங்கிருந்து புதுக்காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களை எதிர்கொண்டது குளிர்க்காய்ச்சல் எனும் மலேரியா.

1911-ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று உண்டு. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் அவ்வாண்டு 143,614 பேர் இருந்தனர். அவர்களில் 9,040 பேர் இறந்தனர். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 63 பேர். ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். வாரம் தவறாமல் ஒரு சாவு. சில வாரங்களில் இரண்டு. வயதாகி இறந்தவர்கள் அல்லர் இவர்கள். வேலைக்கென்று பொறுக்கி எடுத்துக் கொண்டு வரப்பட்ட இளவயதினரே பெரும்பாலோர். நோயோடு கப்பலேறி ஊருக்குத் திரும்பி அங்கே கண் மூடியவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

இப்படி இறந்ததற்குத் துரைமார்கள் பலர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தமிழன் இயல்பிலேயே நோஞ்சான், அவனுடைய இனம் அப்படி என்றார்கள். ஒரு கூட்டம் மடிவதற்கு அந்தக் கூட்டத்தின் பிறப்பே காரணம் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் வடிகால் வெட்ட வேண்டியதில்லை, வீட்டை மாற்றிக் கட்ட வேண்டியதில்லை. செலவில்லாத விளக்கம் அது!

அது பொய் என்று காட்டிய மருத்துவரும் ஐரோப்பியரே. மால்கம் வாட்சன் என்பது அவர் பெயர். 1901-ஆம் ஆண்டு சனவரியில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் பரவித் துறைமுகமே மூடப்பட்டது. வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். ஊரை ஒட்டிய காட்டை அகற்றச் செய்தார். 1901-இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு 1902-இல் 59 பேர். மக்களின் இனம் மாறவில்லை. அவர்கள் கால் வைத்த நிலம் மாறியது, சாவு குறைந்தது.

ஆனால் நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் செய்ததைத் தோட்டங்களுக்கும் உடனே செய்தார்களா? இல்லை. துறைமுகம் நின்றால் வாணிபம் நிற்கும். லயத்தில் ஒருவர் இறந்தால் கங்காணி இன்னொருவரைக் கொண்டு வருவார்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. கொசுக்களில் பல வகை உண்டு. கடலோரத் தாழ்நிலத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழல் படிந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி வடிகால் போட்டால் அது ஒழியும். மலைப்பாங்கான இடத்தில் இருந்த கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. அங்கே காட்டை வெட்டியதும் ஓடைகள் வெளிச்சத்துக்கு வந்தன, கொசு பெருகியது. கிள்ளானில் உயிர் காத்த முறை மலைத்தோட்டத்தில் உயிர் வாங்கியது. இதைக் கண்டறிந்த பின்னரே நிலத்துக்கடியில் குழாய் புதைத்து ஓடையை மறைப்பதும், நீரின் மேல் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. எந்த இடத்தில் லயத்தைக் கட்டுவது, ஓடைக்கு எவ்வளவு தூரத்தில் கட்டுவது என்பதே சாவையும் வாழ்வையும் தீர்மானித்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளி அல்லர்.

நேயர்களே, இனத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவு பற்றி இதே மண்ணில் கிடைத்த இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும். அது பெரிபெரி எனும் நோய். கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். தோட்டத்துத் தமிழருக்கோ இந்நோய் மிக அரிதாகவே வந்தது. இதையும் இனத்தின் குணம் என்று விட்டுவிட்டிருக்கலாம். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் அப்படி விடவில்லை. இரு சாராரும் உண்ணும் சோற்றைப் பார்த்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1907-ஆம் ஆண்டில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றப் பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய பச்சரிசி உண்டவர்களுக்கே பெரிபெரி வந்தது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் பானையில் நெல்லைப் புழுக்கிய கைப்பழக்கம்தான் அத்தனை உயிர்களைக் காத்தது. சீனர் மடிந்ததற்கு அவர்களுடைய இனம் காரணமல்ல என்றால், மலேரியாவில் தமிழர் மடிந்ததற்கு நம் இனம் எப்படிக் காரணமாகும்?

ஆயினும், மருந்து கிடைக்கும் வழியில் இனம் பெரிய வேலியாகவே நின்றது. அந்நாளைய கோலாலம்பூரில் ஐரோப்பியருக்கென்று தனி மருத்துவமனை இருந்தது. மற்றவர்களுக்கு மாவட்ட மருத்துவமனை. சீனர் தங்களுக்குள் பணம் திரட்டித் தாங்களே மருத்துவமனைகள் கட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூரில் 1844-இல் டான் டோக் செங் என்னும் வணிகர் ஏழைகளின் மருத்துவமனைக்குப் பணம் தந்தார். கோலாலம்பூரின் துங் ஷின் மருத்துவமனை 1894-இல் தோன்றியது. மலாய்க்காரர்கள் கிராமங்களில் சிதறி வாழ்ந்தார்கள். கிளந்தான், திரங்கானு போன்ற மாநிலங்களில் பூரு எனும் புண்நோயால் அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்றார்கள். 1954-இல் பெனிசிலின் ஊசி இயக்கம் தொடங்கிய பின்னரே அது ஒடுங்கியது. ஏழ்மை அவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

தமிழருக்கு இருந்தது தோட்ட மருத்துவமனை. தொழிலாளிக்கு இலவச மருத்துவம் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. தோட்ட முதலாளிகள் மருத்துவமனை வைத்தார்கள். அதில் கட்டில் இருந்தது, டிரசர் இருந்தார், குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துச் செல்லும் மருத்துவர் ஒருவரும் இருந்தார். பல பெரிய தோட்டங்களில் இவை நன்றாகவே நடந்தன. இரவு பகல் பாராமல் பிரசவம் பார்த்த டிரசர்களையும் மருத்துவச்சிகளையும் இன்றும் நன்றியோடு நினைக்கும் குடும்பங்கள் உண்டு.

ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படையிலே ஒரு கோணல் இருந்தது. நோயாளியின் உடம்பைப் பார்ப்பவருக்குச் சம்பளம் தருபவர், அந்த உடம்பிடம் வேலை வாங்குகிறவர். காய்ச்சல் என்று சொல்லி வந்தவருக்கு உண்மையில் காய்ச்சலா, வேலைக்குச் சோம்பலா என்று தீர்ப்பளிக்கும் நீதிபதியாக டிரசர் ஆனார். படுத்தால் அன்றைய கூலி இல்லை. 1920-களில் ஆணுக்கு நாட்கூலி ஐம்பது காசு அளவில் இருந்தது. நான்கு நாள் படுத்தால் அரிசிக் கடை கடன் ஏறும். ஆகவே நடக்க முடிந்தவரை வேலைக்குப் போனார்கள். நடக்க முடியாமல் போன பிறகே மருத்துவமனைக்குப் போனார்கள். பிறகு, "தமிழர்கள் முற்றிய பின்தான் வருகிறார்கள், அவர்களுக்கு மருத்துவத்தில் நம்பிக்கையில்லை" என்று எழுதி வைத்தார்கள். நம்பிக்கை இல்லாமல் போனதில் ஐம்பது காசுக்கும் பங்கு உண்டு என்று யாரும் எழுதவில்லை.

மருத்துவம் படித்தவர்களுக்கும் அதே வேலி இருந்தது. 1905-இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பொதுமக்கள், முக்கியமாகச் சீன வணிகர்கள், பணம் கொடுத்து உருவாக்கிய பள்ளி அது. அதில் தேறிய நம் நாட்டு மருத்துவர்கள் எவ்வளவு திறமை காட்டினாலும் மலாயா மருத்துவச் சேவையின் மேற்பதவிகளில் சேர முடியாது, அவை ஐரோப்பியருக்கே. வெகுகாலம் துணை மருத்துவர்களாகவே அவர்கள் இருக்க வேண்டியிருந்தது.

சட்டங்கள் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தன. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. 1912-இலும் 1923-இலும் தொழிற்சட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. இந்திய அரசாங்கம் 1922-இல் குடியேற்றச் சட்டம் இயற்றி, மலாயாவில் தன் பிரதிநிதி ஒருவரை வைத்தது. நோய் மிகுந்த தோட்டம் என்று பெயர் வாங்கினால் ஆள் கிடைப்பது கடினம் என்ற நிலை வந்ததும் பல தோட்டங்கள் வடிகாலுக்குச் செலவு செய்தன. சாவு எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. எல்லாத் தோட்டங்களிடமும் பணம் வசூலித்துப் பொதுவாகச் சுகாதாரம் பேண 1926-இல் ஒரு சட்டம் வந்தது. தோட்ட முதலாளிகள் அதை விரும்பவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வீழ்ச்சிக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நன்மை செய்யும் சட்டம் ரப்பர் விலையோடு ஏறி, ரப்பர் விலையோடு இறங்கியது.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் சொன்னது பலருக்கும் தெரியும். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் தகுந்த மருத்துவ வசதி வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வோடும் பிள்ளைகளின் படிப்போடும் மருந்தையும் ஒரே வரிசையில் வைத்துக் கேட்டார்கள். அது வரை தரப்பட்டதை வாங்கிக்கொண்ட மக்கள், இது எங்களுக்கு உரியது என்று கேட்ட நாள் அது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பிறகு சப்பானியர் வந்தனர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து மக்கள் லாரி லாரியாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் பட்டினியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆனால் அவர்களோடு அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் செய்யவும், கழிவுக்குழி வெட்டச் செய்யவும், நோயாளியைப் பிரித்து வைக்கவும் ஆள் இருந்தது. தமிழர், மலாய்க்காரர், சாவகர், பர்மியர் முகாம்களில் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை பல பத்தாயிரம். ஒரே காடு, ஒரே நோய். இடையில் இருந்த வேறுபாடு, மருத்துவம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாரா என்பதுதான்.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் வளர்ந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். உலக நாடுகள் பாராட்டிய நல்ல திட்டம் அது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ள மக்களின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்ற பழைய கணக்கு மாறவில்லை. ஆகவே திட்டத்தின் சாலை பல இடங்களில் தோட்டத்து வாசலோடு நின்றது. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. டிரசர் வேலைக்குத் தகுதி வேண்டும் என்றாயிற்று. அதே காலத்தில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டுத் தோட்டத்துக்கு வந்த புது முதலாளிக்கு மருத்துவமனை வைக்க மனமும் இல்லை, வகையும் இல்லை. பின்னர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறியபோது, எஞ்சியிருந்த மருத்துவமனைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாட்டனார் காலத்துக் கட்டிலும் போயிற்று. நகரத்துக் கட்டிலுக்கு வழியும் சரியாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் விழுந்த குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம்.

தாய்மார்களே, பெரியோர்களே, இந்த வரலாற்றை ஏன் இன்று சொல்கிறோம்? மூன்று காரியங்களுக்காக.

முதலாவது, இனிப்பு நீர். நம் நாட்டில் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே இந்நோய் அதிகம். "அது நம்ம சாதிக்கே உள்ள நோய், என்ன செய்தாலும் வரும்" என்று வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் உணவுக்கும், உடலுழைப்பு குறைந்ததற்கும், முற்றிய பிறகே மருத்துவரிடம் போகும் பழைய பழக்கத்துக்கும் பங்கு உண்டு. அன்று துரைமார்கள் நம்மைப் பற்றிச் சொன்னதை இன்று நாமே நம்மைப் பற்றிச் சொல்லலாமா? ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். கால் புண்ணாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, பத்திரம். இன்று அரசாங்க மருத்துவ நிலையங்களில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. குடிமக்கள் அல்லாதோருக்குப் பல மடங்கு அதிகம். பிறப்புப் பத்திரமும் நீல நிற அடையாள அட்டையும் இல்லாத பிள்ளை, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்திருந்தாலும், மருத்துவமனை முகப்பில் அயலானாகவே நிற்க வேண்டியிருக்கும். பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத பிள்ளை உங்கள் வரிசையில் இருந்தால் பள்ளி ஆசிரியரிடமாவது சொல்லுங்கள். அந்தத் தாள் இன்று கொயினாவைவிடப் பெரிய மருந்து.

மூன்றாவது, நம் அண்டை வீட்டார். நம் முன்னோர் நின்ற பெரட்டுக் களத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் இன்று அவர்கள். பத்திரத்துக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் பார்த்து, "அந்த ஆட்களே அப்படித்தான், அழுக்கு, நோய்" என்று நம் வாயிலிருந்து ஒரு சொல் வருமானால், 1911-இல் மடிந்த அந்த 9,040 பேரும் நமக்கு எதையும் கற்றுத் தரவில்லை என்றே பொருள்.

அந்தச் சிறுமியின் ஏட்டை நாங்கள் திருப்பிக் கொடுக்கும்போது, இரண்டு சொற்களுக்குக் கீழே எஞ்சிய இடத்தை நிரப்பி வரச் சொன்னோம். பாட்டியிடம் மறுபடியும் போய்க் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் ஒரு வரி கூடியிருந்தது: "அந்த மருந்து ரொம்பக் கசக்குமாம், ஆனால் துப்பினால் பெயர் வெட்டிவிடுவார்களாம்." எங்கள் நூலகத்தில் அந்த ஏட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். நேயர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர்கள் இருப்பார்கள். இன்றிரவு சோறு உண்ணும்போது ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.